மணியடித்தால் ஆள் வரும் தனிமை

ஒரு குறையும் வராமல் கஷ்டப்பட முடியுமா? ஞானிகள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவர்களுக்கு அதற்குத் தேவை இருக்கவில்லை. இதைக் கேட்பதற்கென்றே நம் காலத்தில் ஓர் இனம் தோன்றியிருக்கிறது. சொகுசுத் துறவி இனம். இதற்கு வனாந்தரம் வேண்டும், குழாயைத் திறந்தால் வெந்நீர் வர வேண்டும். எல்லாவற்றையும் துறக்க வேண்டும், தலையணை மட்டும் இரண்டு வேண்டும். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், பாருங்கள்.

நாம் பார்க்கப் போகும் துறவி ஒரு பல் மருத்துவர். பகலெல்லாம் அடுத்தவரை வாய் திறக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தன் வாயைத் திறப்பவர். இரண்டு வருடமாக அந்த வாயில் ஒரே பேச்சு: மேகத்துக்கு மேலே, புல் பூண்டு முளைக்காத, ஆள் அரவமற்ற ஒரு மேட்டுப் பாலைவனம், அதன் நடுவே வெள்ளை விரிப்பு போட்ட கூடாரம், அதற்குள் மனைவியோடு அவர். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்கு அவர் தரும் பரிசாம் அது. மனைவி கேட்டாளா? பரிசு தருகிறவர்கள் அதையெல்லாம் விசாரிப்பதில்லை.

பயண ஏற்பாடு செய்யும் பெண்ணிடம் தொலைபேசியில் தவத்தின் விதிமுறைகளைப் பேசுவார்.

"சார், சுத்துவட்டாரத்துல ஒரு மனுஷர்கூட இருக்க மாட்டாங்க."

"அதுதாம்மா வேணும். முழுத் தனிமை. ஆனா மணியடிச்சா ஆள் எவ்வளவு நேரத்துல வருவாங்க?"

மலையேறப் பயிற்சியும் உண்டு. காலையில் புதிய பூட்ஸை மாட்டி, முதுகுப்பையில் அரிசி மூட்டையைத் திணித்து, லிஃப்டில் ஏறி மொட்டைமாடிக்குப் போய், அங்கே தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்துவிட்டு, லிஃப்டிலேயே இறங்கி வருவார். படியில் நடந்தால் முட்டி தேயுமாம். அதைப் பாலைவனத்துக்காகச் சேமிக்கிறாராம்.

மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்று மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம், கையில் எப்போதும் திருத்த வேண்டிய ஒரு கட்டு நோட்டு. அரிசி மூட்டை திரும்பி வந்ததும் அதிலிருந்து உலைக்கு அளந்து எடுப்பது மட்டுமே இந்தத் தவத்தில் டீச்சரின் பங்கு.

"என்னங்க, அங்க மூச்சுவிடவே ஆக்சிஜன் சிலிண்டர் வேணும்னு போட்டிருக்கே?"

"அதுவும் கட்டணத்துலயே சேர்த்தி."

"இங்க அது சும்மாவே கிடைக்குதே!"

"உனக்கு அனுபவம்னா என்னன்னு தெரியாது. விடு."

போகிறவர்கள் உடம்பைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது கூடாரக்காரர்களின் நிபந்தனை. நுரையீரல் மருத்துவர் இருவரையும் ஊதச் சொன்னார், மார்பில் கருவியை வைத்துக் கேட்டார்.

"மேடம் தாராளமா போகலாம். டாக்டர், நீங்க வேண்டாம். அந்த உயரத்தை உங்க மூச்சு தாங்காது."

"உங்க மிஷின் சரியா வேலை செய்யுதா?"

"மேடத்துக்குச் செஞ்சுதே, சார்."

அந்த வாரமே வக்கீல் நண்பரும் அவர் மனைவியும் சாப்பிட வந்தார்கள். தட்டில் சோறு விழுவதற்குள் வக்கீல் கேட்டுவிட்டார்: "என்னப்பா, பாலைவனம் எப்போ?"

துறவி கையைக் கழுவாமலே உண்மையைக் கழுவினார். "இவளுக்கு மூச்சு சரியில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். இவளை விட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போறது? பாலைவனம் எங்க ஓடிடப் போகுது!"

வக்கீலின் மனைவிக்குக் கண் கலங்கியது. "அண்ணனைப் பார்த்துக் கத்துக்குங்க" என்று கணவரை இடித்தார். பிறகு எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். துறவியும் பார்த்தார். இரண்டு வருடம் பேசிப் பேசிக் கட்டிய பெருமை முழுக்க, இப்போது டீச்சரின் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா. ரெண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டு டீச்சர் தண்ணீர் எடுக்க எழுந்தாள்.

இதைப் பெருந்தன்மை என்று புகழ்ந்துவிட அவசரப்படாதீர்கள். பொறுங்கள்.

பதிவு செய்து, ரத்து செய்யாமல் விட்டிருந்த பயண நாள் வந்தது. கட்டிலுக்கடியில் கிடந்த முதுகுப்பையை டீச்சர் இழுத்தாள். அவர் வாங்கி அடைத்திருந்த காப்பி இயந்திரம், மடக்கு நாற்காலி, காற்றடைத்த கழுத்துத் தலையணை எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பை பாதியாக இளைத்தது.

"எங்க கிளம்பிட்ட?"

"பாலைவனத்துக்கு."

"தனியாவா? எதுக்கு?"

"கதவைத் தாழ் போட்டுக்குங்க."

லிஃப்ட் வந்து நின்று, காத்திருந்து, காலியாகவே போயிற்று. படியில் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது.

விசாரித்தவர்களிடம், "அவ அக்கா வீட்டுல ஓய்வா இருக்கா" என்றார் துறவி. வேறு என்ன சொல்வார்? மூச்சு வாங்குகிறவள் மேகத்துக்கு மேலே போயிருக்கிறாள் என்றா?

டீச்சர் திரும்பி வந்தாள். மூக்கு தோலுரிந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. அக்கா வீட்டு வெயில் போலிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இன்றும் பாலைவனத்தை வர்ணிப்பது துறவிதான். பக்கத்தில் உட்கார்ந்து முதல்முறை கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருப்பாள் டீச்சர். போனது கோபத்திலா, ஆசையிலா, இருபத்தைந்து வருடத்தில் ஒருமுறையாவது மணியோசை கேட்காத இடத்தில் இருந்து பார்க்கவா? அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? உங்கள் வீட்டுப் பரணிலும் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத பயணப்பை ஒன்று இருக்கிறது அல்லவா? அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுங்கள்.