சகலைக்கு முன்னால் பேசியிருக்கலாம்

பொறாமையில் பல வகை உண்டு. பக்கத்து வயலுக்குத் தண்ணீர் முதலில் பாய்ந்தால் வருவது ஒரு வகை. நம் வயலுக்கும் பாய்ந்துவிட்டால் போய்விடும். சகலை மேல் வருவது அப்படியல்ல. அது ஆயுளுக்கும் உள்ளது, வருடா வருடம் தீபாவளிக்குத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

நான் திருவிடைமருதூரில் உரக்கடை வைத்திருக்கிறேன். மாமனாருக்குப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு. மூத்த மகள் செல்வியைக் கட்டியவன் நான். இளையவளைக் கட்டியவர் ஸ்ரீதர். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. உயரம், பெரிய சம்பளம், அடர்த்தியான தலைமுடி. அதையெல்லாம்கூட மன்னித்துவிட்டேன். (முடியை மட்டும் முழுசா மன்னிக்கல.) என்னால் தாங்க முடியாதது அவர் யோசிக்கும் விதம்.

நாமெல்லாம் யோசிப்போம். ஸ்ரீதர் அனலைஸ் பண்ணுவார். நமக்கு ஏதோ தோன்றும். அவருக்கு ஒரு பெர்ஸ்பெக்டிவ் இருக்கும். நாலு பேர் உட்கார்ந்து குழம்பினால் நமக்கு அது குழப்பம், அவருக்குப் பிரெயின்ஸ்டார்மிங். மூளைக்குள் நடக்கிற ஒவ்வொரு வேலைக்கும் இங்கிலீஷில் ஒரு சொல் வைத்திருந்தார். அவர் ஒவ்வொன்றாக எடுத்துவிடும்போது மாமனார் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்.

ஒருமுறை தோப்பில் வெள்ளை ஈ வந்து மட்டையெல்லாம் கறுத்துப்போனது. உரக்கடைக்காரன் நான், பூச்சியோடு குடும்பம் நடத்துகிறவன். மட்டையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாக அடியுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள் என்றேன். மாமனார் என்னைத் தாண்டி, "சின்ன மாப்பிள்ளை என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். ஸ்ரீதர் கையைக் கட்டிக்கொண்டு, "இதை ஹோலிஸ்டிக்கா அனலைஸ் பண்ணணும் மாமா" என்றார். மாமனார் பூரித்துப்போனார். ஈயும் பூரித்திருக்கும். எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அன்று மாமியார் வைத்த இறால் தொக்கே உறைக்கவில்லை.

'மாப்பிள்ளை, நீங்க என்ன நினைக்கிறீங்க' என்று அந்த மனுஷன் என்னை ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். அப்போது எனக்கு வேறு ஆசையே கிடையாது.

அதற்கொரு வாய்ப்பு வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாமனார் புத்தக அலமாரிகள் வாங்கிக் கொடுத்தார். திறப்பு விழாவில் மாப்பிள்ளைகள் இரண்டு பேரும் கல்வியைப் பற்றிப் பேச வேண்டும், அதுவும் இங்கிலீஷில் பேசினால் பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும் என்று ஆசைப்பட்டார். செல்வி என்னைக் கவலையோடு பார்த்தாள். நான் மீசையைத் தடவி, பேசிவிடலாம் என்றேன்.

நேராக மச்சினன் கதிரிடம் போய்ச் சரணடைந்தேன். கும்பகோணத்துக் கல்லூரி ஒன்றில் இங்கிலீஷ் வாத்தியார் அவன். யோசிக்கிறதுக்கும் படிக்கிறதுக்கும் என்னென்ன வார்த்தை உண்டோ எல்லாவற்றையும் போட்டு எழுதித் தா, யாருக்கும் தெரியக் கூடாது என்றேன். அவன் ஏனோ கொஞ்சம் இருமினான். பிறகு எழுதிக் கொடுத்தான். நம்ம மண்வாசனையோடு ஆரம்பித்திருக்கிறேன் மாமா என்றான்: 'எ மைண்ட் தட் டஸ் நாட் வொண்டர் இஸ் எ ஃபீல்டு வித்அவுட் வாட்டர்.' வியக்காத மனம் தண்ணீரில்லாத வயல். 'மைண்ட்' வரும்போது நெற்றியை விரலால் இரண்டு தட்டுத் தட்டச் சொன்னான்.

யூரியா மூட்டைகளுக்கு நடுவில் நின்று மனப்பாடம் செய்தேன். கியூரியாசிட்டி, காம்ப்ரிஹென்ஷன், காக்னிஷன், கான்டெம்ப்ளேஷன். உரம் வாங்க வந்தவர்கள், நான் நெற்றியைத் தட்டுவதைப் பார்த்து, அடுத்த கடைக்குப் போனார்கள்.

விழா நாள். மேடையில் மாமனார், தலைமையாசிரியை, நாங்கள் இருவர். எதிரே தரையில் பள்ளிக்கூடமே உட்கார்ந்திருந்தது. முறைப்படி மூத்த மாப்பிள்ளைதான் முதலில் பேச வேண்டும். அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. பின்னால் பேசுகிறவன் பேச்சுதானே மனதில் நிற்கும்? சகலை தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டுப் போகட்டும், அதன் மேல் நான் ஏறி நிற்கலாம். "சின்னவர் முதல்ல பேசட்டும் மாமா" என்றேன். என் பெருந்தன்மையில் மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஸ்ரீதர் மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். "எ மைண்ட்..." என்று நெற்றியை இரண்டு தட்டுத் தட்டினார்.

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதுவே வந்தது. வயல், தண்ணீர் எல்லாம் வரிசையாக வந்தன. கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கதிரைத் தேடினேன். அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான். அன்றைக்குக் கடைசிவரை அந்த வார் சரியாகவேயில்லை. நடுவில் ஸ்ரீதர் ஒரு வார்த்தை வராமல் திக்கினார். என்னையறியாமல், "காம்ப்ரிஹென்ஷன்" என்றேன் சத்தமாக. அவர் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஆபீஸ் மீட்டிங்குக்கு வெளியே அந்த மனுஷனுக்கும் இங்கிலீஷ் கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் கொண்டாடியிருப்பேன்.

தலைமையாசிரியை என் பக்கம் சாய்ந்து, "நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். தலையை ஆட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆட்ட நினைத்த நேரத்தில் மாமனார் என் பெயரை அறிவித்துவிட்டார்.

எழுந்து போனேன். தமிழில் பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். (செல்வியும் இன்னைக்கு வரைக்கும் அதைத்தான் கேக்குறா.) மூளையில் அந்த உரையைத் தவிர வேறெதுவும் இல்லை. வாயைத் திறந்தேன். "எ மைண்ட்..." விரல் தானாக நெற்றிக்குப் போனது.

நம் பள்ளிக்கூடங்களில் ஒரு பழக்கம் உண்டு. எதிரே நிற்கிறவர் ஒரே வரியை இரண்டாம் தடவை சொன்னால் அது பாடம். பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார்கள். "எ மைண்ட் தட் டஸ் நாட் வொண்டர்" என்று பள்ளிக்கூடமே ராகம் போட்டது. கட்டிய கையைப் பிரித்து நெற்றியையும் தட்டியது. நான் வேகமாகச் சொன்னால் வேகமாகச் சொன்னார்கள். தண்ணீர் குடிக்க நிறுத்தினேன், காத்திருந்தார்கள். 'தேங்க் யூ' வரை ஒரு வரி விடாமல் நடத்தி முடித்தேன். ஸ்ரீதருக்குக் கை தட்டினார்கள். எனக்கு எழுந்து நின்று, "தேங்க் யூ சார்" என்றார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் செல்வி தம்பியைப் பிடித்து உலுக்கினாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான். "ரெண்டு மாமாவும் தனித்தனியா வந்து யாருக்கும் சொல்லாதேன்னாங்க. ஒருத்தருக்கு நல்லா எழுதி இன்னொருத்தருக்குக் குறைஞ்சுட்டா நீங்க ரெண்டு அக்காவும் என்னை வீட்டுக்குள்ள விடுவீங்களா?"

மாமியார் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். "நான்தான் சொல்லி வளத்தேன். வேட்டின்னாலும் மோதிரம்னாலும் ரெண்டு மாப்பிள்ளைக்கும் ஒண்ணுபோலத்தான் செய்யணும். அவன் செஞ்சதுல என்ன தப்பு?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஸ்ரீதர் எதைப் பற்றிக் கருத்துச் சொன்னாலும், மாமியார் கரண்டியோடு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் அதேதானே மாப்பிள்ளை?" என்பார். வீடு மொத்தமும் நெற்றியைத் தட்டும். எதிர்வீட்டுக் குழந்தைகளும் தட்டுகின்றன.

போன தீபாவளிக்குத் தோப்பில் மறுபடியும் வெள்ளை ஈ. மாமனார் என்ன நினைத்தாரோ, என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேவிட்டார். இத்தனை வருடம் காத்திருந்த கேள்வி. நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன்: மட்டையின் அடிப்பக்கம், தண்ணீர், ஒட்டுப்பொறி. அவர் தலையாட்டிக் கேட்டார். நெஞ்சு நிறைந்தது.

பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஸ்ரீதர், "ஐ கன்கர்" என்றார். எனக்கும் அதேதான் என்பதற்கு இங்கிலீஷ்.

மாமனார் முகம் அப்படியே மலர்ந்து அவர் பக்கம் திரும்பியது. "ரெண்டே வார்த்தை. சின்ன மாப்பிள்ளை என்ன அழகா யோசிக்கிறார் பாருங்க" என்றார் என்னிடம்.

நெற்றியைத் தட்டிக்கொண்டேன். இந்த முறை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.