வானத்துக்குப் போன நாய்க்காக வாங்கிய குல்லாய்

கோக்-ஜார் கூட்டுப்பண்ணை,
27 டிசம்பர் 1957

ஃபுரூன்சே நகரில் பத்திரிகை அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் எசென்பை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே ஆடுகள், குதிரைகள், நான் என்ற வரிசையில் எல்லாரும் நலம். அக்காவும் உங்கள் தொப்பையும் அங்கே நலமாக இருக்க வேண்டுகிறேன்.

அத்தான், என்ன ஒரு வருஷம் இது. பண்ணை ரேடியோவும் சுவர்ப் பத்திரிகையும் என் பொறுப்பு என்பதால் உலகத்தில் எது நடந்தாலும் முதலில் என் காதில்தான் விழுகிறது, விழுந்ததும் நொண்டிக்காலோடு குதிரையேறி வீடு வீடாகப் போய் "சுயுஞ்சு" என்று கத்துவேன், கத்தினால் நல்ல சேதி என்னவென்று கேட்கும் முன்பே கைக்கு வந்ததை நம் ஆட்கள் கொடுத்துவிட வேண்டும் அல்லவா, கொடுத்தார்கள், ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. மார்ச்சில் கானாவுக்கு விடுதலை என்று உல்கான் அக்காவிடம் ஓடினேன். மேல்மேய்ச்சலில் நானூறு ஆட்டைத் தனியாக மேய்க்கிறவள், உங்களுக்குத் தெரியும்.

"கானாவா? யாரு வீட்டுப் புள்ள அது?"

"புள்ள இல்லக்கா, நாடு. ஆப்பிரிக்காவுல இருக்கு. வெள்ளக்காரன் போயிட்டான்."

"இனிமே அவங்க மாடு கன்னு அவங்களுக்குத்தானா?"

"ஆமா."

"அப்ப நல்ல சேதிதான். இந்தா புடி." ஒரு பை நிறைய உலர்ந்த தயிர் உருண்டைகள். கோடையில் மாஸ்கோவில் உலகத்து இளைஞர்கள் எல்லாம் கூடி ஆடினார்கள் என்றதற்கு ஒரு கம்பளி விரிப்பு. அக்டோபரில் மனிதன் செய்த நிலா ஏறியபோது பண்ணைத் தலைவரே தன் இடுப்பு வாரை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுக் கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏனென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யுத்தத்தில் என்னை எடுக்காமல் தபால் பையைக் கொடுத்தார்கள், சாவுச் சேதிக் காகிதங்களை இதே வீடுகளுக்கு நான்தான் சுமந்தேன், என் குதிரையைக் கண்டாலே பெண்கள் கதவைச் சாத்தினார்கள். உல்கான் அக்கா புருஷனின் காகிதமும் என் பையில்தான் வந்தது. இனி அந்த வாசலுக்குக் கெட்ட சேதி கொண்டுபோவதில்லை என்று அன்றே சத்தியம் செய்தேன்.

அதில்தான் மாட்டிக்கொண்டேன், அத்தான். நவம்பரில் வானத்துக்கு ஒரு நாயை ஏற்றிவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னது, மீதியைக் கேட்காமல் குதிரையேறிவிட்டேன், உல்கான் அக்காவுக்கு நாய் என்றால் உயிர், கூடாரத்துக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து புருஷனின் நரித்தோல் குல்லாயை எடுத்து வந்து என் தலையில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "எப்ப எறங்கும்?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சீக்கிரமே எறங்கிடும்க்கா" என்றேன். வீட்டுக்கு வந்து ரேடியோவைப் போட்டால், அதற்குத் திரும்பி வர வழியே வைக்கவில்லையாம்.

அன்றிலிருந்து அவள் சாயங்காலம்தோறும் கூடாரத்துக்கு வெளியே எலும்பும் கஞ்சியும் வைக்கிறாள். "வழி தெரியாத நாயி, எந்த மலையில எறங்குமோ, பசியோட வரும்" என்கிறாளாம். நான் அவள் வாசலுக்குப் போகாமல், தூரத்து மேட்டில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஆற்றைச் சுற்றிப் போய் இரண்டு முறை குதிரையோடு தண்ணீரில் விழுந்தேன். இந்தக் குளிரில் குல்லாயைப் போடவும் மனசில்லை, காது இரண்டும் உறைந்து போச்சு. ஆண்டின் பெரும் செய்திகளைச் சுவர்ப் பத்திரிகையில் எழுத வேண்டும், நாயைத்தான் முதலில் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆகவே உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், நாய் கசாக் புல்வெளியில் பத்திரமாக இறங்கி ஒரு பண்ணையில் ஆடு காக்கிறது என்று ஒரே ஒரு தாள் அச்சடித்து அனுப்புங்கள். நாலு வரி போதும். அதற்குக் குட்டி பிறந்தது என்றும் சேர்த்தால் நல்லது.

உங்கள் அடுப்பு அணையாமலும் அக்காவின் கோபம் மூளாமலும் இருக்கட்டும். குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

உங்கள் மைத்துனன்
எசென்பை

பின்குறிப்பு: அத்தான், ஒன்றும் அச்சடிக்க வேண்டாம். தபால் வண்டி பனியில் இரண்டு நாள் நின்றுவிட்டதால் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். பொறுக்க முடியாமல் நேற்றுக் குல்லாயை எடுத்துக்கொண்டு உல்கான் அக்காவிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், "செத்துப் போச்சுன்னு சொல்ல வந்தியா? நீ ஆத்தச் சுத்திப் போன அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"அப்புறம் ஏன்க்கா எலும்பு வச்சே?"

"நீ அந்த மேட்டுல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போவியே, அதுக்குத்தான். நான் நம்பிட்டேன்னு நெனச்சாத்தான் நீ ராத்திரி தூங்குவே."

குல்லாயை நீட்டினேன். வாங்கவில்லை. "எம்புருஷன் காயிதத்த மூணு நாளு பையிலயே வச்சுக்கிட்டு, சேதி ஒண்ணுமில்லன்னு தெனம் எங்கிட்டப் பொய் சொன்னே. அந்த மூணு நாளும் எனக்குப் புருஷன் உசிரோட இருந்தான். அதுக்கு உனக்கு ஒண்ணுமே குடுக்கலியேன்னு இருந்துச்சு. போட்டுக்க, காது செவந்து கெடக்கு."

போட்டுக்கொண்டேன், அத்தான்.