ஒரு குழாயும் ஒரே ஜன்னலும்

"அந்தக் குழாயை என்கிட்ட குடுத்துடும்மா உர்வே. அது புழுவோட கூடுதான்," என்றபடி காபிக் கோப்பையோடு உள்ளே நுழைந்தார் புழுப் பிரிவின் தலைவர் ஹெல்டுர்.

உர்வே குழாயைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். தார்த்து நகரில், பழங்காலக் கடலுயிர்களின் கல்லாய்ப்போன குழாய் ஓடுகளை ஆராயவென்றே இருந்த அந்தக் கூடத்தில், 'இன்னதென்று தெரியாதவை' பிரிவுக்கு அவள் ஒருத்திதான். வந்ததையெல்லாம் இனம் கண்டு மற்றப் பிரிவுகளுக்கு அனுப்பி, கடைசியில் மிஞ்சியது சாரெமா தீவில் கிடைத்த சுண்டுவிரல் நீளக் கல்குழாய் ஒன்றுதான். அதுவும் போனால், காலியாகிவிட்டதென்று அவள் பிரிவை மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார். ஒழுங்காக வேலை பார்த்ததற்குப் பரிசு! குழாய் யாருக்கோ அவருக்கே அவளுடைய அறையும். நவம்பரில் வெயில் எட்டிப் பார்க்கும் ஒரே ஜன்னல் அங்கேதான் இருந்தது.

"அறுத்துப் பாத்துடலாம்!" என்றாள் உர்வே. மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். "சுவர் அடுக்கடுக்கா இருக்கு. எந்தப் புழு இப்படிக் கட்டுது?"

ஹெல்டுரின் முகம் தொங்கிப்போனது.

"அடுக்கா? அப்ப நத்தைதான்!" நத்தைப் பிரிவின் லெய்டா ஓடி வந்தாள். "என் மேஜையை ஜன்னலோரமாப் போடச் சொல்லு."

போச்சுடா! உர்வே இன்னொரு சீவல் எடுத்தாள். "பாருங்க லெய்டாக்கா, சுவர் பூரா பொடிப்பொடிப் பொத்தல். நத்தை ஓட்டுல ஏது?"

"பொத்தல்னா பவளம்!" வாசலில் பவளப் பிரிவு எண்டெல் நின்றார். ஜன்னல் திரைக்கு அளவெடுக்க நாடா வேறு கொண்டு வந்திருந்தார்.

குழாய் நகமளவு ஆகிவிட்டது. உர்வேக்கு அழுகையே வந்தது. மிச்சத்தைத் திருப்பிக் காட்டினாள். "அடி நுனியைப் பாருங்கண்ணே. முட்டை மாதிரி மூடின குமிழ். பவளம் இப்படியா பொறக்கும்?"

எண்டெல் நாடாவைச் சுருட்டினார்.

கறுப்பு ரொட்டியில் மீனை வைத்துத் தின்றுகொண்டே வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட இயக்குநர் வாயைத் துடைத்தார். "குழாய் உர்வேகிட்டயே இருக்கட்டும். நீங்க மூணு பேரும் போய் உங்க அலமாரியில இருக்கறதையும் இதே மாதிரி அறுத்துப் பாருங்க."

"நாங்க வெச்சதுல தப்பா?" என்று மூவரும் கோபமாகப் போனார்கள்.

ஜெயித்துவிட்டாள்! உர்வே அந்த நகமளவுக் குழாயை எடுத்து முத்தமே கொடுத்தாள்.

மறுவாரம் சுமை தூக்கும் கல்யு, தள்ளுவண்டி நிறையப் பெட்டிகளோடு வந்தான்.

"என்னப்பா இதெல்லாம்?"

"அவங்க மூணு பேரோட அலமாரிதான்க்கா. அறுத்துப் பாத்ததுல ஒண்ணுகூடப் புழுவும் இல்ல, நத்தையும் இல்ல, பவளமும் இல்லையாம். எல்லாம் இனிமே உங்களோடது."

உர்வே துள்ளிக் குதித்தாள். கல்யு தலையைச் சொறிந்தான்.

"காலியான பிரிவை மூடணும்னு இயக்குநர் சட்டம் போட்டாரில்ல? அதான், மூணு பேரும் நாற்காலியைத் தூக்கிட்டு வெளிய நிக்கறாங்க. இனிமே உங்க கீழதான் வேலையாம். ஜன்னலோரத்துல யாரைப் போடட்டும்க்கா?"