அஞ்சு விளக்கும் அணையாமல்

“ஒரு மணி நேரம் வாயத் தொறக்காம ஒன்னால இருக்க முடியுமாட்டி?”

என்னைப் பார்த்து இப்படிச் சந்தேகப்பட்டவர் டபடபா அண்ணாச்சி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். தென்காசிக்கு பஸ் பிடித்துப் போய்க் கணினிப் படிப்பும் முடித்தவள். பரீட்சைக்குப் பரீட்சை மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்துதான் பட்டம் வாங்கினேன் என்று அவரிடம் சொன்னேன்.

“அங்க ஒன் மேல பூதம் கல்லெறியலேல்லா?” என்றார்.

குற்றாலத்துக்கு வந்த முதுகுகளில் டபடபா அண்ணாச்சியிடம் அடி வாங்காத முதுகே கிடையாது. ஐந்தருவிக்குப் போகிற வழியில், எங்கள் அம்மாவின் துண்டுக் கடைக்குப் பக்கத்தில், ஒரு பெஞ்சைப் போட்டு எண்ணெய் தேய்த்துவிடுவதுதான் அவர் தொழில். உழக்கு நல்லெண்ணெயை முதுகில் ஊற்றி, இரண்டு கையாலும் டபடபவென்று தட்டினாரானால் அருவிச் சத்தம் அமுங்கிப்போகும். போலீஸ்காரர், சாமியார், மாமனார் வீட்டுச் சாப்பாட்டில் பருத்துப்போன புதுமாப்பிள்ளை என்று எல்லோரும் அவரிடம் சமமாக அடி வாங்கினார்கள்.

இப்படி ஊரையே அடிக்கிற மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. தான் ஓர் அடிகூடப் படக்கூடாது. நிஜத்தில் இல்லை, டிவி கேமில்.

இளவட்டமாக இருந்தபோது சீசன் கடையில் வாங்கிய பழைய கேம் பெட்டி அவர் வீட்டில் இருந்தது. அதில் ஒரு மஞ்சள் கேசட். தலையில் முண்டாசு கட்டிய ஒரு குட்டை ஆசாமி ஐந்து கோட்டைகளைத் தாண்டிக் குதித்துக் குதித்துப் போக வேண்டும். கேசட்டின் மேல் ஒட்டியிருந்த பெயர் என்றோ எண்ணெய்பட்டு அழிந்துவிட்டதால், ஆசாமிக்குக் கோட்டைச்சாமி என்று அண்ணாச்சியே பெயர் வைத்துவிட்டார். திரையின் மேலே ஐந்து விளக்கு எரியும். ஓர் அடி பட்டால் ஒரு விளக்கு அணையும். ஐந்தும் அணைந்தால் கோட்டைச்சாமி கதை முடிந்தது. ஐந்து விளக்கு இருந்தும் அந்த கேமை முடித்தவர்கள் ஊரில் வேறு எவரும் இல்லை. அண்ணாச்சி மட்டும் விளக்கு ஒன்றிரண்டு அணைந்தாலும் பல தடவை முடித்திருந்தார். அது அவருக்குப் போதவில்லை. ஒரு விளக்குக்கூட அணையாமல் முடிக்க வேண்டுமாம்.

“ஏன் அண்ணாச்சி, ஒரு அடி பட்டாத்தான் என்ன?”

“அடி பட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்ட்டி. தெனம் எத்தன முதுகப் பாக்கேன்.”

அதனால் முதல் கோட்டையில் ஒரு வௌவால் உரசினாலும் சரி, கடைசிக் கோட்டையில் ஒரு சிறு கல் பட்டாலும் சரி, பெட்டியையும் டிவியையும் அணைத்து மறுபடி ஆரம்பத்திலிருந்துதான். இந்தப் பழக்கம் அவரை வெளியிலும் விடவில்லை. காலையில் வரும்போது கல் தடுக்கினால் வீட்டுக்குத் திரும்பிப்போய், வாசலிலிருந்து மறுபடி புறப்பட்டு வருவார். ஒருநாள் நான்கு தடவை புறப்பட்டு, அவர் வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.

கடைசிக் கோட்டையில் இருக்கும் கல் பூதம் எறிவதற்கு ஒரு கணக்கு உண்டு. மூன்று கல், ஒரு நிறுத்தம், இரண்டு கல், பிறகு ஒரு நெருப்பு. அந்தக் கணக்கைக் கைக்குப் பழக்க அண்ணாச்சி தேர்ந்தெடுத்த இடம் வாடிக்கையாளர் முதுகு.

மதுரையிலிருந்து வந்த ஒரு பெரிய உடம்புக்காரர் குப்புறப் படுத்தபடியே கேட்டார்: “என்னண்ணே, இது புதுத் தாளமா இருக்கு?”

“அஞ்சாம் கோட்ட சார். மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கோங்க, இப்ப நெருப்பு வரும்.”

நெருப்பு வந்தது. அலறிய மனிதர் எழுந்து கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஆறு மாதமாக இருந்த பிடிப்பைக் காணோம். மறுவருஷம் நான்கு நண்பர்களைக் கூட்டிவந்து, “எல்லாருக்கும் அஞ்சாம் கோட்டை போடுங்க” என்றார்.

கைக்குத் தாளம் பிடிபட்டது. ஆனால் எண்ணெய் போகவில்லை. ஒருமுறை நான்காம் கோட்டையில், கோட்டைச்சாமியை ஆட்டுகிற பட்டன் வைத்த ரிமோட்டு அயிரை மீன் மாதிரி வழுக்கி ஜன்னல் வழியாகப் போய்விட்டது. அன்றிலிருந்து ஆடப்போகும்முன் கையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அம்மா கத்துவாள்.

“ஏ தம்பி, விக்கப்போற துண்டுலயா கையத் தொடைக்க?”

“பழைய துண்டு எண்ணெயக் குடிக்க மாட்டேங்குக்கா.”

இதில் எனக்கு வேலை வந்தது அவரால் அல்ல, அவருடைய டிவியால். அது தொப்பை வைத்த பழைய டிவி. அடிக்கடி படம் போய்ச் சத்தம் மட்டும் வரும். அண்ணாச்சி அதன் தலையிலும் தொழில்முறையில் தட்டி வரவழைப்பார். தென்காசியிலிருந்து வந்த மெக்கானிக் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

“டியூப் போகப்போகுது அண்ணாச்சி. இன்னும் பத்துத் தடவ ஆன் ஆனா பெருசு. புது டிவி வாங்கிருங்க.”

புது டிவியிலும் என் சித்தப்பா வீட்டில் ஆடிப் பார்த்தோம். பட்டனை அழுத்தியதற்குக் கொஞ்சம் பிந்தித்தான் கோட்டைச்சாமி குதித்தான். அந்தக் கொஞ்சத்தில் கல் விழுந்துவிட்டது. ஆக, பத்துத் தடவைக்குள் முடித்தால் உண்டு. இல்லையென்றால் அந்த ஆசை டிவியோடு போய்விடும். இந்த மாதிரி அடிபடாமல் ஆடுகிறவர்களின் பட்டியலை வெளிநாட்டில் சிலர் இணையத்தில் வைத்திருப்பதையும், ஒரே மூச்சில் எடுத்த வீடியோ கேட்பதையும் கண்டுபிடித்து, ஆங்கில விதிகளை வரி வரியாக அவருக்குச் சொன்னவள் நான். அப்படித்தான் கேமராக்காரி ஆனேன்.

இரண்டாம் தடவையிலேயே அவரைக் கெடுத்ததும் நான்தான். கடைசிக் கோட்டை வரை ஐந்து விளக்கும் எரிய, பூதம் கையைத் தூக்கியதும், “அண்ணாச்சி, கல்லு!” என்று அலறிவிட்டேன். அவர் கல்லைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஒரு விளக்கு போயிற்று. முதல் வரியில் நீங்கள் படித்த சந்தேகம் அப்போது பிறந்ததுதான்.

ஒன்பதாம் தடவை ஒரு மத்தியானம். மலையில் நல்ல மழை, அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. தடை போட்டால் கடைக்காரர்கள் எல்லோர் முகமும் வாடும், அண்ணாச்சி முகம் மட்டும் மலரும். முதுகுகள் வராது அல்லவா?

“ஏட்டி, அருவிக்குக் குறுக்க கயிறு கட்டிட்டான். வா!”

நான் வாயில் அம்மாவின் புதுத் துண்டு ஒன்றைத் திணித்துக்கொண்டு போனைப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று கோட்டை. நான்காவதில் ஒரு குரங்கு ஜன்னல் வழியே வந்து, அவர் பக்கத்திலிருந்த வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டுப் போயிற்று. அவர் கண் அசையவில்லை. ஐந்தாம் கோட்டை. பூதம் எழுந்தது.

படம் போய்விட்டது.

திரை கறுப்பு. சத்தம் மட்டும் வருகிறது. நான் துண்டைக் கடித்தேன். தட்டி எழுப்ப அவருக்குக் கை ஒழியவில்லை. அண்ணாச்சி கண்ணையே மூடிக்கொண்டார். உதடு முணுமுணுத்தது. மூணு, நிறுத்து, ரெண்டு, நெருப்பு. விரல்கள் அந்த மதுரைக்காரர் முதுகில் ஓடியது போலவே பட்டன்மேல் ஓடின. மூணு, நிறுத்து, ரெண்டு, நெருப்பு. எத்தனை சுற்று போயிற்றோ, டிவியிலிருந்து தகரக் கூரை அதிர ஒரு பேரிரைச்சல். பூதம் விழுந்துவிட்டது. ஆனால் அந்த இரைச்சலில் கோட்டைச்சாமி அடி வாங்கிய சத்தம் கேட்டதா இல்லையா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அண்ணாச்சி டிவியைத் தட்டக் கையைத் தூக்கினார். இறக்கிவிட்டார்.

“நீ அடிட்டி. எனக்குப் பயமாருக்கு.”

ஊர் முதுகையெல்லாம் அடித்த கை அது. போனை ஒரு கையில் பிடித்தபடியே டிவியின் தலையில் மூன்று தட்டு தட்டினேன். நிறுத்தினேன். இன்னும் இரண்டு தட்டினேன். படம் வந்தது. மேலே பார்த்தேன்.

ஐந்து விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.

அண்ணாச்சி துள்ளவில்லை, கத்தவில்லை. மெதுவாகத் தரையில் குப்புறப் படுத்தார். பெரிய மூச்சு ஒன்று விட்டார். அவ்வளவு லேசான முதுகை நான் அந்தத் தெருவில் பார்த்ததில்லை. நான் துண்டை வாயிலிருந்து எடுத்ததும்தான் அவருக்கு நினைவு வந்தது.

“ஏட்டி... நீ பேசவே இல்லியே!”

மறுநாள் அந்த டிவி எத்தனை தட்டியும் எழவில்லை. அவர் துண்டு போர்த்தி மூடிவிட்டு, வழியில் கல் தடுக்கிய காலோடு நேராக வேலைக்கு வந்தார். திரும்பிப் போகவில்லை.

வீடியோவில் கொஞ்ச நேரம் இருட்டாக இருப்பதால் பட்டியல்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவருக்குக் கவலையே இல்லை. “ஒத்துக்கிட்டா என்ன, ஒத்துக்காட்டி என்ன? நீ பாத்தேல்லா?” என்று கேட்டுவிட்டு அடுத்த முதுகுக்குப் போய்விட்டார். நான் விடவில்லை. இருட்டுக்கான காரணத்தை, மதுரைக்காரர் முதுகு உட்பட, நல்ல ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். ஆடியவர் என்ற இடத்தில் டபடபா அண்ணாச்சி என்று போட்டேன். கீழே, சாட்சி என்ற இடத்தில் என் பெயரைப் பட்டத்தோடு போட்டு, ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்பதையும் சேர்த்து, நேற்றே அனுப்பிவிட்டேன்.