பந்து போட்டவனே அடிக்கணும்

"நீ வாயைத் திறக்காதே. நான் பார்த்துக்கிறேன்," என்றான் ரூடி, காரின் கண்ணாடியைப் பார்த்துத் தலைவாரிக்கொண்டே.

அந்த உத்தரவே தேவையில்லை. தம்பி எமில் வ்ராபெலின் நாக்கு பாதி வழியிலேயே மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. முப்பதாவது மாடியில் லிஃப்ட் மாட்டிக்கொண்டால் அந்தரத்தில் தொங்கியபடி அதைச் சரிசெய்கிறவன் அவன். ஆனால் ஒரு கசாப்புக் கடைக்காரரிடம் போய், "உங்க பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்க அவனால் முடியவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்துவிட்டான். மூன்று முறையும் பீரோகிக் கொழுக்கட்டையை மூக்குமுட்டத் தின்றான், வெயிலைப் பற்றிப் பேசினான், வீடு திரும்பினான்.

"நாலாவது தடவையும் வெயில்தான்னா, அஞ்சாவது தடவை வராதே," என்று லொரெய்ன் சொல்லிவிட்டாள். அப்பா வாயால் சரி என்று சொல்லாமல் அவள் மோதிரம் போட்டுக்கொள்ளப் போவதில்லை. அதனால்தான் இன்று பழைய கார் விற்கும் அண்ணனைத் துணைக்குக் கூட்டிவந்திருந்தான். ரூடி கதவில்லாத காரைக்கூடக் காற்றோட்டமான கார் என்று விற்றுவிடுவான்.

லொரெய்ன் இன்னொரு எச்சரிக்கையும் செய்திருந்தாள். "டி.எச். பத்திப் பேச்சே எடுக்காதே. அந்த விதி வந்த அன்னைக்கு எங்க அப்பா சாப்பிடவே இல்ல. அடுத்த நாளும் சாப்பிடல."

"ஏன்?"

"அதான் யாருக்கும் தெரியாது."

சிகாகோவில் இருக்கிறவர்களுக்கு இதன் ஆபத்து புரியும். பேஸ்பால் விஷயத்தில் இந்த ஊர் இரண்டு ஊர். வடக்கே இருப்பவர்கள் கப்ஸ் அணி, அதாவது தேசிய லீக். அங்கே பந்து எறிகிற பிட்சரும் தன் முறை வந்தால் மட்டையைப் பிடித்தாக வேண்டும். பிடித்து, பெரும்பாலும் பரிதாபமாக அவுட்டாக வேண்டும். தெற்கே ஒயிட் சாக்ஸ், அமெரிக்க லீக். அங்கே 1973லிருந்து, இந்தப் பன்னிரண்டு வருஷமாக, பிட்சருக்கு அந்த அவஸ்தை இல்லை. அவனுக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே டி.எச்., அதாவது டெசிக்னேட்டட் ஹிட்டர், என்று ஒருத்தன். அவன் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பான். முறை வந்தால் எழுந்து போய் அடிப்பான். திரும்பி வந்து கொறிப்பான். எமில் தெற்கில் பிறந்து வளர்ந்தவன். லொரெய்னின் அப்பா கஸிமிர் டூடெக் வடக்கு.

உள்ளே ரேடியோவில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கஸிமிர் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். மூலையில் அவருடைய அண்ணன் புரூனோ வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமே செய்துகொள்ளாதவர், மாடியில் இருக்கிறார், ஞாயிறுதோறும் இங்கேதான் சாப்பாடு. லொரெய்னின் அம்மா வாண்டா தட்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எமிலைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்துவிட்டுப் போனாள்.

ரூடி நேரத்தை வீணாக்கவில்லை.

"மிஸ்டர் டூடெக், நேரா விஷயத்துக்கு வரேன். லொரெய்ன் மாதிரி ஒரு தங்கமான பொண்ணு..."

"நில்லு," என்றார் கஸிமிர். "கல்யாணம் உனக்கா?"

"இல்ல சார், தம்பிக்கு. அவன் கொஞ்சம் கூச்ச சுபாவம். அதான் அவனுக்குப் பதிலா நான்..."

பதிலா என்ற சொல் வந்ததுதான் தாமதம், கஸிமிர் ரேடியோவை அணைத்தார். ஆட்டம் நடக்கும்போது அந்த வீட்டில் ரேடியோ அணைந்ததில்லை. புரூனோவின் கடலை பாதி உரித்தபடியே நின்றது.

"என் வீட்டுக்குள்ளயே டி.எச்.சா?"

"ஐயோ, அப்படி இல்ல சார்..."

"எங்க லீக்ல மாத்து ஆள் வந்து அடிச்சா, முதல் ஆள் வெளிய போயிடணும். திரும்ப உள்ளே வரவே முடியாது. அதுதான் நியாயம். இப்ப நீ அடிச்சாச்சு. அதனால உன் தம்பி வெளிய. நீதான் ஆட்டத்துல. சொல்லு, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ரெண்டு பசங்க இருக்காங்க சார்."

"அப்ப ரெண்டு பேரும் வெளிய."

லொரெய்ன் சமையலறை வாசலில் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். புரூனோ மெதுவாக, "விடு கஸி, பாவம் பசங்க," என்றார்.

"நீ பேசாதே!" என்று பாய்ந்தார் கஸிமிர். அண்ணன் மறுபடி கடலைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு சமரசம். ரூடி போய்க் காரில் உட்கார வேண்டும், எமில் இருக்கலாம். ரூடி போகிற போக்கில் தம்பியின் காதில், "அவர் சொல்றதுக்கெல்லாம் ஆமாம் போடு," என்று ஓதிவிட்டுப் போனான்.

எமில் ஆமாம் போட்டான்.

"நீங்க சொல்றதுதான் சரி சார். பிட்சர்தான் அடிக்கணும். நான் எப்பவும் உங்க லீக் கட்சிதான்."

கஸிமிர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? ஏழாவது சுற்று. ஒரு ரன் பின்னாடி இருக்கோம். மூணாவது தளத்துல ஆள் நிக்கிறான். உன் பிட்சர் பிரமாதமாப் போட்டுட்டிருக்கான். இப்ப மட்டை பிடிக்கிற முறை அவனுக்கு. என்ன செய்வே?"

அமெரிக்க லீகில் இந்தக் கேள்வியே கிடையாது. இருந்தாலும் இவருக்குப் பிடித்த பதில் எதுவென்றுதான் தெரியுமே!

"அவனே அடிப்பான் சார்! யார் தடுத்தாலும் அவனேதான் அடிப்பான்!"

"முட்டாள்! ஒரு ரன் பின்னாடி! மாத்து ஆளை இறக்கணும்! பிட்சரை இழக்கிறோமேன்னு வயிறு எரியணும், ஆனாலும் இறக்கணும்! அதுலதான்டா ஆட்டமே இருக்கு!" அவர் மூக்கு சிவந்துவிட்டது. "நீ எங்க கட்சியா? புளுகன்!"

குட்டு உடைந்ததைவிட, முட்டாள் என்றதுதான் எமிலுக்குச் சுருக்கென்றது. எங்கிருந்து வந்ததோ, நாக்கு மேலண்ணத்தைவிட்டுக் கீழே இறங்கியது.

"ஆமா சார், புளுகினேன். நான் தெற்கு. எனக்கு டி.எச். பிடிக்கும். உங்க பிட்சர் மட்டை பிடிச்சா என்ன நடக்குது? மூணு பந்து, மூணு வீச்சு, அவுட்டு. அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்டேடியமே பீர் வாங்கக் கியூவில நிக்குது! கசாப்புக் கடையில கறி வெட்டுறவரு கேக்கும் சுடணும்னு யாராவது சொல்வாங்களா?"

"நான் கேக் சுடுவேன்!"

"சுட்டதைத் தின்னேன், போன வாரம்!"

லொரெய்ன் கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று எமிலுக்கே தெரிந்தது. கஸிமிர் எழுந்து அவன் முன்னால் வந்து நின்றார்.

"இவ்வளவு நேரம் இந்த வாய் எங்கடா போச்சு?"

"தெரியல சார்."

"டி.எச்.சுக்காக இவ்வளவு பேசுற. என் பொண்ணுக்காக ஒரு வரி பேச மாட்டியா?"

எமில் லொரெய்னைப் பார்த்தான். அவள் கண்ணைத் திறந்திருந்தாள்.

"உங்க பொண்ணு இல்லாம என்னால இருக்க முடியாது சார். எனக்குக் கட்டிக்கொடுங்க."

கஸிமிர் அவன் தோளில் ஓர் அடி வைத்தார். எமில் அரை அடி நகர்ந்து நின்றான்.

"சரி. மட்டமான லீக்தான். ஆனா உன் முறைக்கு நீயே வந்து அடிச்சே. அது போதும்."

லொரெய்ன் ஓடிவந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். காரிலிருந்து ரூடியைக் கூப்பிட்டு பீர் கொடுத்தார்கள். தன் பேச்சுத் திறமையால்தான் காரியம் முடிந்தது என்று அவன் கடைசிவரை நம்பினான்.

சாப்பாடு முடிந்ததும் எமில் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். ஒரு சந்தேகம் அவனை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு விளையாட்டு விதிக்காக ஒரு மனுஷன் இரண்டு நாள் பட்டினி கிடப்பானா? ஜன்னலுக்கு வெளியே பின்படிக்கட்டில் அண்ணனும் தம்பியும் ரேடியோவை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். புரூனோ உரித்த கடலையைக் கஸிமிர் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"நான் ஒண்ணு கேக்கலாமாம்மா? அவருக்கு டி.எச். மேல அப்படி என்ன கோபம்?"

வாண்டா குழாயை மூடினாள். ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லாதே. முப்பத்திமூணு வருஷத்துக்கு முன்னாடி, பொண்ணு கேட்டு வந்தப்ப அவருக்கும் உன்னை மாதிரியே வாய் வரல. புரூனோவைக் கூட்டிட்டு வந்தாரு. புரூனோதான் எங்க அப்பாகிட்ட எழுந்து நின்னு அழகாப் பேசினாரு. 'உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கோம்'னாரு. அப்பா என் முகத்தைப் பார்த்தாரு. நானும் சந்தோஷமாத் தலையாட்டினேன்."

"அப்புறம்?"

வாண்டா ஒரு தட்டை எடுத்து, ஏற்கெனவே துடைத்த தட்டுதான், மறுபடி துடைத்தாள்.

"அப்புறம்தான் சொன்னாங்க, மாப்பிள்ளை பக்கத்துல பேசாம உக்காந்திருக்கிறவருன்னு."