அவசரத்துக்கு ஒரு எண்

அக்காவுக்கு,

இல்லை, படுக்கச் சொல்லவில்லை. கட்டில் கிடையாது. கண்ணை மூடச் சொல்வதும் கிடையாது. இரண்டு நாற்காலி. நேருக்கு நேர் போடாமல் கொஞ்சம் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள், பேசப் பிடிக்காதபோது ஜன்னலைப் பார்த்துக்கொள்ளலாம். நீ இதைக் கேட்கவில்லை. பதினொரு மாதமாக நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதலில் இதைக் கேட்டிருப்பாய். இரண்டாவதாக, "உனக்கென்னடி பைத்தியமா" என்று கேட்டிருப்பாய். அதையும் விசாரித்துவிட்டேன். இல்லையாம்.

நலம். நீயும் அத்தானும் சின்னவளும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். வேறு வழியில்லை.

விஷயம் ஒன்றுதான். ஒரு படிவத்தில் உன் போன் நம்பரை எழுத உன் அனுமதி வேண்டும். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

நானாகப் போகவில்லை, அலுவலகம் அனுப்பியது. என் வேலையை நீ எப்போதும் "போன் எடுக்கிற வேலை" என்றே சொல்வாய், அதனால் சொல்கிறேன். எங்கள் கம்பெனி லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மணி என் காதில் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களைப் பேச்சில் வைத்திருக்க வேண்டும். உள்ளே எத்தனை பேர் இருக்கிறீர்கள், லைட் எரிகிறதா, கதவைத் தள்ளாதீர்கள், ஆள் வந்துகொண்டிருக்கிறார். ஐந்து வருடமாக இந்த நான்கு வாக்கியம். போன மாதம் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் நின்ற ஒருவர், "நிஜமாவே யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டார். "தெரியலைங்க" என்றேன். அதன்பிறகு நான்கு நிமிடம் நான் எதுவும் பேசவில்லை. கடைசியில் அவர்தான், "மேடம், நீங்க நல்லா இருக்கீங்களா? பயப்படாதீங்க, நான் லைன்லதான் இருக்கேன்" என்றார். மேலாளர் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, "யாரையாவது போய்ப் பாரும்மா" என்றார்.

போனேன். இரண்டாம் மாடி. கீழே பல் டாக்டர். நாம் துக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தரைக்கு அடியில் யாருக்கோ பல்லைக் குடைகிற சத்தம் கேட்கிறது. லிஃப்ட் இருக்கிறது, எங்கள் கம்பெனியுடையது. படியேறித்தான் போனேன்.

மனநல ஆலோசகருக்கு உன் வயது இருக்கும். ஜலதோஷம். கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால், அவர் கண்ணுக்கு நேராக. ஐம்பது நிமிடம், ஒரு நிமிடம் கூடாது. பக்கத்தில் டிஷ்யூ பெட்டி. அதை அவர்தான் எடுத்துக்கொண்டிருந்தார், மூக்குக்கு. முதல் நாள் அறிவுரை எதுவும் கிடைக்காது அக்கா, எதிர்பார்த்துப் போகாதே. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, யாரோடு இருக்கிறீர்கள். அப்புறம் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பது ஒரு வைத்தியமாம். எனக்கு அது தெரியாது. எங்கள் வேலையில் மறுமுனை சும்மா இருந்தால் ஆள் மயங்கிவிட்டார் என்று அர்த்தம். என்னை அறியாமல், "உள்ள எத்தனை பேர் இருக்கீங்க? லைட் எரியுதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "ரெண்டு பேர். எரியுது" என்றார். பிறகு எழுதிக்கொண்டார்.

இனி அந்தப் படிவம். வரவேற்பில் இருக்கும் பெண் கொடுத்தது, அவசரத்தில் யாருக்குத் தகவல் சொல்வது என்று ஒரு கட்டம், பெயர், உறவு, எண், நான் யோசிக்கவேயில்லை அக்கா, கை தானாக எழுதியது, பெயருக்கு எங்கள் கம்பெனி பெயர், உறவுக்கு 'இருபத்துநான்கு மணி நேரமும்', எண்ணுக்கு எங்கள் அவசர எண், ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற எண், அடுத்த வாரம் நான் போகத் தாமதமாயிற்று, அந்தப் பெண் என் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறாள், என் போன் சத்தம் போடாது, சரி என்று அந்த எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறாள், எடுத்தது என் பக்கத்து சீட்டுக்காரர், நாங்கள் 'தொண்டை' என்று கூப்பிடுகிறவர், மற்றதைத் தொண்டையே நடித்துக் காட்டினார்:

"உள்ள எத்தனை பேரும்மா இருக்கீங்க?"

"நானும் டாக்டரும்தான். அவங்க இன்னும் வரலை."

"லைட் எரியுதா?"

"எரியுது. ஏங்க?"

"பதறாதீங்க. கதவைத் தள்ளாதீங்க. எந்தக் கட்டடம்?"

"பல் டாக்டருக்கு மேல. சார், நாலு மணிக்கு அவங்க டைம், கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்றீங்களா?"

"இதோ வந்துட்டே இருக்காங்க."

நான் மூச்சு வாங்கப் படியேறி உள்ளே போனால், வரவேற்பறையில் எங்கள் மெக்கானிக், மடியில் கருவிப்பெட்டியோடு உட்கார்ந்து பழைய பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார். லிஃப்டை நான்கு முறை ஓட்டிப் பார்த்துவிட்டாராம். "என்னம்மா, நீயும் மாட்டிக்கிட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். பழுது ஏதும் இல்லை என்று எழுதி, அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். என் அவசரத்துக்கு என்று கிளம்பி வந்த முதல் மனிதர். இருபது நிமிடத்தில் வந்திருக்கிறார்.

ஆலோசகர் சிரிக்கவில்லை. படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்த நம்பர்ல யார் எடுப்பாங்க?"

"காலையில நான்தாங்க எடுப்பேன்."

அப்புறம்தான் விளக்கினார். இங்கே பேசுவது இந்த அறையை விட்டு வெளியே போகாது. ஒன்றே ஒன்று தவிர. உங்கள் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் ஒருவரிடம் சொல்வேன். அந்த ஒருவர் யார் என்பதுதான் இந்தக் கட்டம். பிறகு, உப்பு போதுமா என்று கேட்கிற குரலில், "செத்துடலாம்னு தோணியிருக்கா?" என்றார். தோன்றியது உண்டு, செய்யத் தோன்றியதில்லை என்றேன். அவர் முகம் மாறவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "நல்லதுங்க, சொன்னீங்க. சரி, யாரை எழுதலாம்?"

அங்கேதான் அழுதேன். அம்மாவைப் பற்றிச் சொன்னபோது இல்லை. ஒரு காலிக் கட்டத்துக்கு. பெட்டியில் ஒரே ஒரு டிஷ்யூதான் மிச்சமிருந்தது. அவர் தும்மலை அடக்கிக்கொண்டு அதை என்னிடம் தள்ளினார்.

அம்மா போன அன்றைக்கு நடந்ததை நான் உன்னிடம் சொன்னதேயில்லை, நீ கேட்கிற நிலையில் இல்லை. வேலை நேரத்தில் எங்கள் சொந்தப் போன் சத்தத்தை நிறுத்தி மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிட வேண்டும். ஒரு பெரியவர் லிஃப்டில் தனியாக மாட்டியிருந்தார். மெக்கானிக் நாற்பது நிமிடம் பிந்திவிட்டார். நாற்பது நிமிடமும் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய பேரனின் பரீட்சை மார்க் வரை எனக்குத் தெரியும். அவர் சுகமாக வெளியே வந்தார். இழுப்பறையைத் திறந்தபோது அம்மாவிடமிருந்து மூன்று அழைப்பு. திரும்பக் கூப்பிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் விழுந்து கிடந்தாளாம். மறுநாள் சமையலறையில் டம்ளரைக் கழுவிக்கொண்டே நீ சொன்னாய்: "பொட்டிக்குள்ள மாட்டினவன் எல்லாருக்கும் பதில் சொல்லுவே. அம்மாவுக்கு மட்டும் எடுக்க மாட்டே." அதன்பின் நீ பேசவில்லை. நானும் போன் சத்தத்தைத் திறக்கவில்லை. அடித்தால் எடுக்க வேண்டுமே.

நீ சொன்னது தப்பு என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆலோசகரும் அப்படிச் சொல்லவில்லை. அவர் எதையுமே சொல்ல மாட்டேன் என்கிறார், அதற்குத்தான் இத்தனை தூரம் படியேறிப் போகிறேன். வெளியே வரும்போது எதுவும் மாறியிருக்காது. பசிக்கும், அவ்வளவுதான். பசித்தே பல நாள் ஆகியிருந்தது.

அந்தக் கட்டத்துக்கு எனக்கு வேறு ஆள் இல்லை. கூப்பிட மாட்டார்கள். கூப்பிட நேராமல் பார்த்துக்கொள்கிறேன். எழுதிக்கொள்ளட்டுமா? சரி அல்லது இல்லை என்று ஒரு வார்த்தை போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு, சித்தி என்று ஒருத்தி இருப்பது நினைவிருந்தால், ஒரு முத்தம். மூன்று பேரும் நீண்ட நாள் நலமாக இருங்கள்.

உன் தங்கை

பி.கு.: திரும்பப் படித்துப் பார்த்தேன். அலுவலகம் அனுப்பவில்லை. மேலாளர் எந்தப் பதிவையும் கேட்கவில்லை, அந்த ஆறாம் மாடிக்காரர் யாரிடமும் சொல்லவுமில்லை. நானாகத்தான் தேடிப் போனேன். அனுமதி கேட்டதும் பொய். போன வாரமே உன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவின் போன் என்னிடம் இருக்கிறது. அன்று எனக்கு மூன்று முறை கூப்பிடுவதற்கு முன்னால் உனக்கு ஒருமுறை கூப்பிட்டிருக்கிறாள். நீயும் எடுக்கவில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பதினொரு மாதமாக இருவரும் சொல்லவில்லை. பழி இல்லை அக்கா. "இவங்க கட்டாயம் எடுப்பாங்களா?" என்று ஆலோசகர் கேட்டார். ஒருமுறை எடுக்காமல் விட்டவங்க, அதனால எடுப்பாங்க என்றேன். அவர் எழுதிக்கொண்டார். இந்த வரிக்கு முன்னால் எழுந்து போய் என் போனின் சத்தத்தைத் திறந்து, மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.