பஜ்ஜி எண்ணெய் இறக்குமதி

உலகத்தில் எண்ணெய் கிடைக்கிற இடம் ஒன்று, எரிகிற இடம் இன்னொன்று. நடுவில் எல்லைகள் இருக்கின்றன. எல்லை தாண்டி எண்ணெயும் வர வேண்டும், வந்த எண்ணெய் எரிந்து காற்றும் கெடக் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரக் கவனிப்பதற்கென்று மாவட்டத்துக்கு ஒன்றாக 'எல்லை கடந்த எரிசக்தி வர்த்தகம் மற்றும் சுற்றுச்சூழல் சமநிலைப் பிரிவு' தொடங்கப்பட்டபோது, காஞ்சிபுரத்துக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் வெளிநாடு எதுவும் இல்லையே என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்குப் படிவம் அச்சடிக்கப்படவில்லை.

பிரிவின் அலுவலராக வந்தவர் இளங்கோவன். மாதாமாதம் அவர் அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் 'வர்த்தகம் நடைபெற்ற எல்லை' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதக் கூடாது என்று அடிக்குறிப்பு வேறு இருந்தது. பாவம், மனிதர் மூன்று வாரம் ஊரெல்லாம் எல்லை தேடி அலைந்தார். வாலாஜாபாத் வரை பஸ்ஸில் போய்ப் பாலாற்றை உற்றுப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் ஒரு மாலை, பிள்ளையார்பாளையத்துக் கடைக்கோடிச் சந்தில் வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது எல்லை கிடைத்துவிட்டது.

அந்தச் சந்தின் ஒரு பக்கம் மாநகராட்சி, மறுபக்கம் ஊராட்சி. மாநகராட்சிப் பக்கத்தில் கலியாணசுந்தரத்தின் சாயப்பட்டறை. நேர் எதிரே, ஊராட்சிப் பக்கத்தில், மேரியின் பஜ்ஜிக் கடை. நடுவில் பன்னிரண்டு அடி மண். கடை மூடும் நேரத்தில் மேரி, சுட்டுக் கறுத்த எண்ணெயை வாளியில் கொண்டுவந்து கொடுப்பாள். கலியாணசுந்தரம் அதை மரத்தூளில் ஊற்றிச் சாய அண்டாவுக்கு அடியில் எரிப்பார். காலையில் அண்டாவில் சாயம் போடும் முன் இரண்டு குடம் வெந்நீர் மேரியின் பாத்திரங்களுக்குப் போகும். பதினோரு வருடமாக நடக்கிற சங்கதி. இதற்கு ஒரு பெயர் உண்டென்று இரண்டு பேருக்கும் தெரியாது.

"இருதரப்பு எரிசக்தி ஒப்பந்தம்" என்றார் இளங்கோவன், பஜ்ஜியைக் கீழே வைக்காமலே.

"அய்யோ சார், அது வெறும் கசண்டு எண்ணெய் சார்" என்றார் கலியாணசுந்தரம்.

"வெளிநாட்டுல கப்பல்ல வருது, இங்க வாளியில வருது. அளவுதான் வேற, கொள்கை ஒண்ணுதாங்க."

மறுநாள் சந்தின் நடுவே வெள்ளைக் கோடு போட்டார்கள். பிரிவுக்குக் கட்டடம் இல்லாததால் பட்டறை வாசலிலேயே மேசை போடப்பட்டது. மழைக்கு ஒழுகாத இடம் பட்டறைதான் என்று கோப்புகளை உள்ளே, விறகு அடுக்குக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். வாளிக்கு நான்கு பிரதிகளில் இறக்குமதி மனு. வெந்நீருக்கு ஏற்றுமதி மனு. வெந்நீரின் சூட்டைக் குறிக்க ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பி நான்கு கையெழுத்து வாங்குவதற்குள் கட்டத்தில் எழுதிய சூடு பொய்யாகிவிடும், மனு தள்ளுபடியாகும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் சமநிலை ஆணை வந்தது.

"ஒற்றைப்படைத் தேதியில எண்ணெய் வரலாம், அடுப்பு எரியக் கூடாது. இரட்டைப்படைத் தேதியில அடுப்பு எரியலாம், எண்ணெய் வரக் கூடாது" என்று படித்தார் இளங்கோவன்.

கலியாணசுந்தரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இன்னிக்கு வாங்கி வச்சிக்கினு நாளைக்கு எரிச்சிக்கிறேன். சரியாப் போச்சு."

"ராத்திரி வச்சிருந்தா பதுக்கல்."

"அப்ப எப்பதான் சார் எரிக்கிறது?"

"அதுதாங்க எண்ணெய்க்கும் சுற்றுச்சூழலுக்கும் நடுவுல இருக்கிற நுட்பமான சமநிலை."

கலியாணசுந்தரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம், பட்டறையில் கிடந்த நூல் யாருடையதோ அல்ல. மேரியின் மகள் ஏஞ்சலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சர்ச்சில் தாலி கட்டும்போது உடுத்துகிற மந்திரப் புடவை அரக்கு நிறத்தில் வேண்டும், சாயம் கலியாணசுந்தரம் அண்ணன் கையால்தான் போட வேண்டும் என்று மேரி சொல்லியிருந்தாள். நெய்யப்போகிறவன் பக்கத்து வீட்டுக் குமரன். அவனுக்கு இருபது நாளாவது வேண்டும்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, பன்னிரண்டாம் தேதி இருக்கிற விறகை வைத்து அடுப்பை மூட்டினார். அரக்கு பொல்லாத நிறம். பட்டு அண்டாவில் இருக்கும்போது கொதி இறங்கினால் திட்டுத் திட்டாகப் பிடித்துவிடும், பிறகு எந்தச் சாமி வந்தாலும் சரியாகாது. நூல் பாதிச் சாயம் குடித்திருந்தபோது விறகு தீர்ந்தது.

"மேரிம்மா! எண்ணெய்!"

மேரி வாளியோடு ஓடிவந்து வெள்ளைக் கோட்டில் நின்றாள். இளங்கோவன் எழுந்து நடுவில் வந்தார்.

"இன்னிக்கு இரட்டைப்படை."

"சார், என் பொண்ணு பொடவை சார்! ஒரே வாளி சார்!"

"நான் மனுஷன் இல்லையாம்மா? எனக்கும் மனசு இருக்கு. அவசரகால மனு இருக்குது, ஏழு பக்கம். இருங்க, எடுத்துட்டு வரேன்." உண்மையாகவே பதறிப்போய் அவர் மேசைக்கு ஓடி இழுப்பறையைக் குடைந்தார்.

கலியாணசுந்தரம் அண்டாவைப் பார்த்தார். குமிழி அடங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூன்று மாதக் கோப்பு, நெஞ்சு உயரத்துக்கு, நன்றாகக் காய்ந்து நின்றது. ஒரு கணம்தான் யோசித்தார். முதலில் வெந்நீர் ஏற்றுமதியை உள்ளே தள்ளினார். குபீரென்று பிடித்தது. அடுத்து இறக்குமதி, நான்கு பிரதிகளும். கடைசியாகச் சமநிலை ஆணை.

இளங்கோவன் ஏழு பக்கத்தையும் தேடி எடுத்து, எண்ணிச் சரிபார்த்துக்கொண்டு அரை மணி கழித்துத் திரும்பி வந்தபோது அண்டா தளதளவென்று கொதித்தது. கோலில் தொங்கிய நூல் அப்படி ஒரு அரக்காக இருந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு நிறம் தன் கைக்கு வந்ததில்லை என்று கலியாணசுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இளங்கோவன் சாம்பலைப் பார்த்தார். குனிந்து அதைக் கிளறிப் பார்த்தார்.

பிறகு குறிப்பேட்டைத் திறந்தார். "எவ்வளவு நேரம் எரிஞ்சுது?"

"அரை மணி நேரம் சார். வெறகைவிட நல்லா எரியுது சார். என்ன கேசுன்னாலும் போடுங்க."

கேஸ் போடவில்லை. அறிக்கை போனது. 'மாவட்டத்தில் எண்ணெய் இறக்குமதி அறவே ஒழிக்கப்பட்டது. அலுவலகத்திலேயே விளையக்கூடியதும், எடுக்க எடுக்கக் குறையாததுமான எரிபொருள் கண்டறியப்பட்டுள்ளது.' பத்தே நாளில் பாராட்டும் ஆணையும் சேர்ந்து வந்தன. சந்து மாதிரிச் சந்தாக அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கு ஒரு கிலோ படிவம் தினமும் தர வேண்டும். வெற்றுப் படிவம் ஏற்கப்படாது, அது கச்சாப் பொருள். பூர்த்தி செய்து கையெழுத்திட்டதுதான் சுத்திகரிக்கப்பட்ட எரிபொருள். இவற்றை நிறுத்து வாங்கும் பொறுப்பாளராகக் கலியாணசுந்தரம் நியமிக்கப்பட்டார். நாற்காலி, தராசு, ரப்பர் முத்திரை ஒன்று.

"எனக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்றுதான் முதலில் சொன்னார். முத்திரையை ஒருதரம் அழுத்திப் பார்த்தார். சத்தம் நன்றாக இருந்தது.

சந்து முழுக்க எழுத உட்கார்ந்தது. குமரன் வீட்டில் தறி சும்மா கிடக்க, ஆளுக்கொரு பேனாவோடு பெயர், தகப்பனார் பெயர், எண்ணெய் பயன்படுத்தாததற்கான காரணம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். கோடு தாண்ட முடியாத மேரியின் எண்ணெய் திரும்பச் சட்டிக்கே போனது. அந்த பஜ்ஜியைத் தின்று சந்தே கமறிக்கொண்டு திரிந்தது. தொண்டைக்கு வெந்நீர் வேண்டுமென்றால் அதற்குத் தனி மனு. இளங்கோவனும் தினம் நான்கு பஜ்ஜி தின்று, இருமிக்கொண்டே, காற்று இப்போது எவ்வளவு சுத்தம் என்று எழுதினார்.

கல்யாணத்துக்குச் சரியாக இருபத்தோரு நாள் இருந்தபோது மேரி ஒரு காகிதத்தோடு பட்டறைக்கு வந்தாள். கலியாணசுந்தரம் நாற்காலியில் இருந்தார். தலைக்கு மேலே கொம்பில் அரக்குப் பட்டு அப்படியே தொங்கியது.

"அண்ணே, இன்னிக்குத் தறியில ஏத்தலன்னா என் பொண்ணு இரவல் பொடவையிலதான் சர்ச்சுக்குப் போவணும். குமரனை எழுதறதுலேர்ந்து விட்ருண்ணே. நெய்யட்டும்."

"விட்ரலாம்மா. நம்ம ஏஞ்சலுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? மனு குடு."

கொடுத்தாள். அவர் அதைத் தராசில் வைத்தார். முள் அசையவே இல்லை. அடுப்பைத் திரும்பிப் பார்த்தார், தீ மங்கலாக இருந்தது.

"என்னம்மா, ஒரே பக்கமா எழுதிக்கினு வந்திருக்கிற? இதுல தண்ணி சுடக் கூட சுடாதும்மா" என்று அன்பாகவே திருப்பிக் கொடுத்தார். "அரைக் கிலோவாவது தேறணும். ஒண்ணு பண்ணு, குமரனையே ஒக்காந்து எழுதச் சொல்லு. அவன் கை இப்ப வேகமா ஓடுது."